பனியில் செம்மண்

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது மூன்று சாமான்கள் கொண்டுவந்தார். உடுப்புகள் இருந்த ஒரு சூட்கேஸ், வரைபடக் கருவிகள் இருந்த ஒரு மரப்பெட்டி, பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிய ஒரு தட்டையான அட்டைப்பெட்டி. முதல் இரண்டையும் காரின் பின்னால் வைக்கவிட்டார். அட்டைப்பெட்டியை மலாக்கா டவுனிலிருந்து புக்கிட் பெருவாங் வரைக்கும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி. நான் லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலாக்கா நிருபராக இருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அவர் மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், போனார். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார், "நீங்கள்" என்றுதான் பேசினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வங்கியில் வேலை செய்யும் என் மனைவி அங்கே வரும் வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதை அது.

அந்த வருஷம் மாமி இறந்துபோனார். மாமாவின் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மனைவியின் தம்பி, மாமாவுக்கு ஒரே மகன், கனடாவில் இருந்தான். அங்கே போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மகள் வீட்டில் அப்பா விருந்தாளியாக இருக்கலாம், குடியிருக்கக் கூடாது. கடைசிக் காலம் மகனோடுதான். அவர்கள் குடும்பத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. காலையில் எழுந்து பல் துலக்குவதைப் போல, சொல்லத் தேவையில்லாத விஷயம் அது.

வந்த அன்று சாயங்காலமே அட்டைப்பெட்டியைச் சுற்றியிருந்த வேட்டியை அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒரு பொம்மை டாங்கி. பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்கள் ஓட்டிய டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தார்கள். நாமே வெட்டி, ஒட்டி, சாயம் பூசிக்கொள்ள வேண்டும். பெட்டியின் மேல் படம்: வெள்ளைச் சாயம் பூசிய டாங்கி ஒன்று பனியில் நின்றது. மகன் பள்ளிக்கூடத்தில் நன்றாகத் தேறியதற்காக அவர் வாங்கிக் கொடுத்தது. அடுத்த பரீட்சை, அதற்கடுத்த பரீட்சை என்று பையன் அதைத் திறக்கவே இல்லை. படிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

"இதைக் கட்டி முடிச்சுக் கையோட கொண்டு போவன். அவனுக்குக் குடுக்க வேற என்ன இருக்கு?" என்றார். "முடிஞ்ச உடன டிக்கெட் எடுக்கலாம் பிள்ளை."

என் மனைவி "ஓம் அப்பா" என்றாள். அவள் என்னோடு பேசும்போது "ஆமா" என்பாள், அவரோடு பேசும்போது "ஓம்" என்பாள். அன்று அந்த "ஓம்" கொஞ்சம் தாமதமாக வந்தது.

அறைக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள். "அதுல எத்தனை துண்டு இருக்கும்?"

"நிறைய இருக்கும் போல. ஏன்?"

"நிறைய இருந்தா நல்லதுலா."

அம்மாவை அடக்கம் செய்து, வீட்டைத் துடைத்துவிட்டு வந்த மகள், அப்பாவும் விமானம் ஏறுவதை நாள் தள்ளிப் போடப் பார்த்தாள். இங்கேயே இருங்கள் என்று அவள் கேட்கமாட்டாள். கேட்டால் அவர் மறுக்க வேண்டியிருக்கும். மறுத்த பிறகு கேட்கவே முடியாது. ஆகவே டாங்கியின் துண்டுகள்தான் அவளுடைய கணக்கு.

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை மாமா எடுத்துக்கொண்டார். கீழே விரிக்க என் பத்திரிகைதான். துண்டுகளை, அவை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நகவெட்டியால் கத்தரித்து, முனையை மணல்தாளில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, பிறகுதான் பசை. சின்னத் துண்டுகள் காணாமல் போகாமலிருக்க மாமியின் ஊசிநூல் டப்பாவில் போட்டு வைத்தார். டப்பாவில் இருந்த இரவிக்கைக் கொக்கிகளை அவர் வெளியே எடுக்கவில்லை. டாங்கியின் கைப்பிடிகளும் கொக்கிகளும் ஒன்றாகக் கிடந்தன. எடுக்கும்போது விரலால் தள்ளித் தள்ளித் தேடுவார்.

பசை காயும் நேரத்தில் கீழே விரித்திருந்த பத்திரிகையைப் படிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது நீங்கள் எழுதினதோ?"

மஸ்ஜித் தானா என்ற ஊரில் நடந்த ஒரு சங்கக் கூட்டம். நான் எழுதியதுதான்.

"மண்டபம் நிறைஞ்சிருந்தது எண்டு போட்டிருக்கிறியள். படத்தில பின்வரிசைக் கதிரையெல்லாம் சும்மா கிடக்கு."

"சங்கத்துத் தலைவர் அப்படித்தான் சொன்னாரு மாமா."

"அவர் சொல்லுவார். நீங்கள் பாக்கேல்லையோ?"

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். "நல்லாக் கேளுங்கோ அப்பா. அங்க பிரியாணி போட்டாங்க. அதைத்தான் இவர் நல்லாப் பாத்திருப்பார்."

மாமா சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் செய்திகளைத் தேடிப் படித்தார். அலுவலகத்தில் தனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றையும் அப்போதுதான் சொன்னார். பிழை உள்ள வரைபடம் மேசையைவிட்டு எழும்பக் கூடாது. மேலதிகாரி வாசலில் நின்று கத்தினாலும் சரி. காகிதம் கையைவிட்டுப் போனால் அதை நம்பி ஒருவன் பாலம் கட்டிவிடுவான்.

அவர் வேலை செய்த வேகம் என் மனைவியைக் கலங்கடித்தது. சக்கரங்கள் வந்தன, சங்கிலித் தடம் வந்தது, மேலே சுழலும் கோபுரம் வந்தது, பீரங்கிக் குழல் வந்தது. பிறகு கரும்பச்சை எனாமல். வங்கியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் மேசையைப் பார்ப்பாள். பச்சை டாங்கி முழுசாக நின்ற அன்று என்னைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"மணல்தாள் எல்லாம் நீங்கதான் வாங்கிட்டு வர்றீங்க. கொஞ்சம் மறந்துட்டுத்தான் வாங்களேன்."

"அவர் கேக்கிறாரு, நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

"நிருபர் வேலைல ஆயிரம் மறக்கிறீங்க. இதை மறக்கத் தெரியலையா?"

மறுநாள் மாமா வெள்ளை பூசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் வாட்டர் கலர்தான். நெருக்கமான, சீரான பூச்சு. ஒரு தூரிகைக் கோடுகூடத் தெரியவில்லை. காய்ந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வாங்கோ. இது என்ன மாதிரி இருக்கு?"

உண்மையைச் சொல்வதா என்று யோசித்தேன். "பிரிட்ஜ் மாதிரி இருக்கு மாமா."

"ஓம்," என்றார். "கதவைத் திறந்தால் உள்ளுக்குத் தயிர் இருக்கும்."

அவர் பகடி பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

பெட்டிப் படத்தில் இருந்த வெள்ளை அப்படி இல்லை. திட்டுத் திட்டாக இருந்தது, பச்சை வெளியே தெரிந்தது, ஓரங்களில் தேய்ந்திருந்தது. பனிக்காலம் வந்ததும் எதிரியின் கண்ணில் படாமலிருக்க டாங்கிமேல் சுண்ணாம்பு மாதிரி ஒன்றை அவசரமாக அடித்துவிடுவார்களாம். பனிக்காலம் போனால் கழுவிவிடுவார்களாம். இதைப் பெட்டிக்குள் இருந்த தாளில் படித்தோம். மாமாவுக்குக் கை வரவில்லை. நாற்பது வருஷம் வெள்ளைக் காகிதத்தில் ஒரு கறை படாமல் காத்த கை. வேண்டுமென்றே அழுக்காக்கு என்றால் அது எப்படிக் கேட்கும்? தூரிகையைப் பழுப்பில் தொட்டுக் கொண்டுபோவார், டாங்கிக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்துவார், திருப்பிக் கொண்டுவந்து கழுவுவார்.

சுண்ணாம்பு எப்படிப் பழசாகும் என்பது எனக்குத் தெரியும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் நாங்களே அடிப்போம். தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி, வாளியில் கரைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினால் மத்தியானத்துக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிடும். பொங்கல் வருவதற்குள் தேயத் தொடங்கும். முதலில் தேய்வது கை படும் இடம், அதாவது கதவுநிலை. பிறகு முதுகு சாயும் இடம். கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் சுவரில் நீளநீளமாகக் கோடு இழுக்கும். கீழே முழங்கால் உயரத்துக்கு மழை செம்மண்ணை வாரி அடித்திருக்கும். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள் என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் சொன்னேன். மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து டாங்கியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் வெள்ளை முழுவதையும் கழுவினார். வாட்டர் கலர் என்பதால் பச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரத்தைத் துணியால் ஒற்றியபடி கேட்டார்.

"அந்தச் சுவரை நான் பாக்கலாமோ?"

எங்கள் கல்யாணமாகி ஆறாவது வருஷம் அது. அவர் அதுவரை என் வீட்டார் இருந்த இடத்துக்கு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். லயத்தில் அப்போது என் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணிதான் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் லாரி ஓட்டப் போய்விட்டார். வெட்டு முடித்துத் திரும்பிய அண்ணி காலில் பூட்சோடு வாசலில் நின்றார். சம்பந்தி வீட்டுப் பெரியவரைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வாங்க மாமா, உக்காருங்க. ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாம்ல, கோழி அடிச்சிருப்பேன்."

"கோழி வேண்டாம் பிள்ளை. கொஞ்சம் பால் வேணும்."

அது என் யோசனை. பச்சை தெரிய வேண்டிய இடத்தில் ரப்பர் பாலைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு வைத்து, காய்ந்ததும் மேலே வெள்ளை பூசி, பிறகு விரலால் தேய்த்தால் பால் உருண்டு வந்துவிடும். அந்த இடம் மட்டும் உரிந்தது போலாகும். சின்ன வயதில் கை காலில் பாலைத் தடவி உரித்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை யார்?

அண்ணி என்னைப் பார்த்தார். "பாலா? எதுக்கு?"

"ஒரு டாங்கி செய்றாரு அண்ணி. சண்டையில ஓட்டுவாங்களே, அது. சின்னதா."

"டாங்கி பால் குடிக்குமா?"

"இது குடிக்கும்," என்றார் மாமா.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் மிச்சமிருந்த பாலை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி, உறையாமலிருக்க ஸ்டோரில் கலக்கும் மருந்தில் இரண்டு சொட்டு விட்டு, மூடி குலுக்கிக் கொடுத்தார். "மூக்குகிட்டக் கொண்டு போயிடாதீங்க மாமா. அப்புறம் சோறு இறங்காது."

மாமா அதற்குள் சுவரருகே போய்விட்டார். முதலில் தள்ளி நின்று பார்த்தார். பிறகு குனிந்தார். பிறகு செம்மண் தரையிலேயே குந்திவிட்டார். சட்டைப்பையில் இருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் பென்சிலால் வரைந்தார். கதவுநிலையின் தேய்மானம், ஒழுகலின் கோடு, கீழே சிவப்பு முடியும் வளைவு. விரலால் சுவரைத் தொட்டார். வெள்ளை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமலேயே அண்ணி நீட்டிய, பால் சேர்க்காத தே ஓ தேநீர்க் கிளாஸை வாங்கினார். குடித்து முடித்தபோது கிளாஸின் வெளிப்புறத்தில் ஐந்து வெள்ளை விரல்கள் இருந்தன. என் மனைவி அதைப் பார்த்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். கழுவும் இடத்துக்கு அந்தக் கிளாஸை அவளே கொண்டுபோனாள்.

திரும்பும்போது காரில் ஒரு போத்தல் பாலும், ஒரு பை செம்மண்ணும் இருந்தன.

அதற்குப் பிறகு வேலை மாறிவிட்டது. பல்குச்சி நுனியில் பாலைத் தொட்டு, வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களில், மூடியின் விளிம்பில், கைப்பிடியைச் சுற்றி வைத்தார். வெள்ளையை இந்தத் தடவை அவசரக்காரன் அடித்ததுபோல் அடித்தார். அவசரமாக அடிக்கப் பழகவே அவருக்கு நாள் பிடித்தது. காய்ந்ததும் பெருவிரலால் தேய்த்தார். பால் சுருண்டு வந்தது. கீழே பச்சை தெரிந்தது, ஓரமெல்லாம் பிய்ந்து. "பாருங்கோ, பாருங்கோ" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

பனி எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பிரிட்ஜின் மேல்தட்டில் படர்ந்திருந்த உறைபனியைக் கரண்டியால் சுரண்டி இருவரும் ஆராய்ந்தோம். "கதவைச் சாத்துங்கோ அப்பா, மீன் எல்லாம் கெட்டுப்போயிடும்" என்று மனைவி கத்தினாள். டவுனுக்குப் போனபோது செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். துருவிய ஐஸ் மலைபோல இருக்க, மேலே ஊற்றிய பனைவெல்லப் பாகு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மாமா கரண்டியை எடுக்கவில்லை. குனிந்து கிண்ணத்தின் பக்கவாட்டைப் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச கவனியுங்கோ. மேல வெள்ளை. கீழ போகப் போகச் செம்பழுப்பு. பனியும் மண்ணும் சேர்ந்தால் இப்பிடித்தான் வரும்."

"ஆமா மாமா, லயத்துச் சுவரும் இதே கலர்தானே."

ஐஸ் முழுவதும் கரைந்த பிறகுதான் சாப்பிட்டார். செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்தோம். வடிகட்டிக்காக வீட்டில் ஒரு சண்டை நடந்தது. வெள்ளைப் பசையில் குழைத்துச் சக்கரங்களிலும் சங்கிலியிலும் அடிப்பாகத்திலும் அப்பினோம். செய்தி எழுதுகிறவன் நான். பார்க்காததை எழுதாதே என்று எனக்கே புத்தி சொன்னவர் அவர். ரஷ்யாவில் மண் என்ன நிறம் என்று இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை. எங்களைப் பொறுத்தவரை மண் என்றால் அந்த நிறம்தான்.

ஞாயிறுதோறும் கனடாவிலிருந்து போன் வரும். நான் எடுத்தால் மச்சான், "ஹலோ, அப்பா இருக்கிறாரா?" என்பான். எங்கள் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவதென்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. மாமா ரிசீவரை வாங்கிக்கொள்வார்.

"இல்லை, இன்னும் முடியேல்லை... கட்டியாச்சு, ஓம்... வெள்ளையும் அடிச்சாச்சு... இன்னும் கொஞ்சம் பழசாக வேணும்."

அடுத்த ஞாயிறும் அதே பதில். அதற்கடுத்த ஞாயிறும்.

ஒரு மத்தியானம் நான் செய்தியை பேக்ஸில் அனுப்பிவிட்டுச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன். என் மனைவிக்கு அன்று விடுப்பு. சமையலறை வாசலில் அசையாமல் நின்றிருந்தாள். விரலை உதட்டில் வைத்தாள். மேசையில் மாமா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கோபுரத்தின் இடப்பக்கம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அந்த டாங்கியிலேயே மிக நன்றாக வந்திருந்த பக்கம் அது. வெயிலும் மழையும் ஒரு பருவம் முழுக்கப் பட்டதுபோல இருந்தது. அவர் ஈரத் தூரிகையால் அதை நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தார். பச்சை தெரியும்வரை கழுவி, துணியால் ஒற்றி, பால் போத்தலைத் திறந்து, பல்குச்சியை எடுத்து, முதல் புள்ளியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

என் மனைவி உள்ளே போனாள். தேங்காயை உடைக்கும் சத்தம் கேட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் இருந்தன. மாமி இறந்த பிறகு எங்கள் வீட்டில் முதல்தடவையாகச் சொதி வைத்தது அன்றுதான்.

"என்ன விசேஷம் பிள்ளை?" என்றார் மாமா.

"ஒண்டுமில்லை அப்பா. தேங்காய் கிடந்தது."

அதற்குப் பிறகு மணல்தாள் வாங்க மறக்கும்படி அவள் என்னிடம் சொல்லவில்லை.

டிசம்பரில் மச்சான் வந்தான். அழைத்துப் போகத்தான் வந்தான். சுபாங் விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். என்னிடம் கை குலுக்கினான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் குளிர்கோட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, முழங்கால்வரை வரும்.

"போட்டுப் பாருங்கோ அப்பா. சைஸ் சரியோ தெரியேல்லை."

மாமா போட்டுக்கொண்டார். கழுத்துவரை ஜிப்பை ஏற்றினான் மகன். காற்றாடி ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா கூடத்தின் நடுவில் கைகளைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தபடி நின்றார். நெற்றியில் வேர்வை அரும்பி மூக்கின் வழியாக இறங்கியது.

"சரியா இருக்கு," என்றார். "நல்ல சாமான்."

"அங்க இது இல்லாமல் வாசலுக்கும் போகேலாது."

"ஓம், ஓம்."

என் மனைவி ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் முகத்தைத் துடைத்தாள். யாரும் ஜிப்பை இறக்கவில்லை. கடைசியில் அவளே இறக்கினாள்.

மறுநாள் காலையில் மச்சான் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது டாங்கி அங்கே நின்றது. மாமா அவனுக்கு முன்னால் அதைத் தள்ளி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகன் அதைக் கையில் எடுக்கப் பயந்து, குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அப்பா! இதென்ன, நீங்களா செஞ்சது?"

"இவரும் சேர்ந்து." மாமா என் பக்கம் தலையை அசைத்தார்.

"நம்பவே ஏலாது. நிசமாத் தேஞ்சு போன மாதிரி..." என்றவன் நிறுத்தினான். சக்கரத்தருகே விரலைக் கொண்டுபோனான். "இது என்ன அப்பா?"

"சேறு."

"சிவப்பா இருக்கே."

"பிறகு சேறு என்ன நிறம்?"

மச்சான் சிரித்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு. "அங்க இப்பிடி இல்லை அப்பா. பனிக்காலத்துச் சேறு கறுப்பா, சாம்பலா இருக்கும். நிலமே கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும், இப்பிடித் தெறிக்காது. இது பனியில ஓடின டாங்கி இல்லை. மழைக்குத் தோட்டத்து ரோட்டில ஓடின டாங்கி!"

மாமா சிரிக்கவில்லை. டாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சக்கரம் சக்கரமாகப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். கவிழ்த்து அடிவயிற்றைப் பார்த்தார். என் மனைவி கையில் தோசைக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அப்ப இது பிழை," என்றார்.

"பரவாயில்லை அப்பா, சும்மா சொன்னேன். நல்லாத்தான் இருக்கு. அப்பிடியே கொண்டு போவம்."

"பிழையோட கொண்டு போகேலாது." குரல் உயரவில்லை. அலுவலகத்தில் இப்படித்தான் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "முழுக்கக் கழுவ வேணும். பால் வைக்க வேணும், வெள்ளை அடிக்க வேணும். பிறகு கறுப்புச் சேறு. மண்ணும் தேட வேணும், இஞ்ச அந்த மண் எங்க கிடைக்குமோ தெரியாது."

"எவ்வளவு நாள் எடுக்கும்?"

"அது சொல்லேலாது. இப்ப மழைக் காலம். வெள்ளை காயாது."

மச்சான் அவரைப் பார்த்தான். சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் குனிந்து கரண்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சோபாவின் முதுகில் கிடந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தான். எனக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்தில் ஒரு கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லப்பட்டு, முடிவான ஒரே சந்தர்ப்பம் அது. ஒரு வார்த்தையும் செலவாகவில்லை.

"சரி அப்பா," என்றான். "பிழை இல்லாமல் செய்யுங்கோ. முடிஞ்ச பிறகு சொல்லுங்கோ."

"நீ வடிவாச் சாப்பிடு," என்றார் மாமா. "பிள்ளை, தம்பிக்கு இன்னொரு தோசை."

அவர் சொன்ன தம்பி மகனா நானா என்று தெரியாமல், அவள் இருவருக்கும் போட்டாள்.

மச்சான் தனியாகத் திரும்பிப் போனான். விமான நிலையத்தில் அக்காவும் அப்பாவும் தள்ளி நின்றபோது என்னிடம் வந்தான். பைக்குள் எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றான்.

"அத்தான்," என்றான். "அவரை அவசரப்படுத்தாதேங்கோ."

"இல்ல," என்றேன்.

கோட்டை என் மனைவி பாச்சை உருண்டை போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமா டாங்கியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். நான் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் துணியும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். குழாயின் திருகில் கை வைத்தார். திருகவில்லை. டாங்கியின் சிவந்த சக்கரங்களைப் பெருவிரலால் ஒருதடவை தடவினார்.

"இண்டைக்கு வேண்டாம்," என்றார். "மழை வருது."

ஜன்னல் வழியாக என் மனைவியின் குரல் வந்தது. "ஓம் அப்பா, மழைதான்."

நான் அண்ணாந்து பார்த்தேன். காலையில் அவள் துவைத்துப் போட்ட படுக்கை விரிப்புகள் கொடியில் கிடந்தன. வெயிலில் கண் கூசியது. அவை ஏறக்குறையக் காய்ந்துவிட்டிருந்தன.

"ஆமா மாமா," என்றேன். "பெரிய மழை."